அறுபத்து மூன்று விழுக்காடு

திரை கறுத்தது.
விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.
மாப்பிள்ளையின் கை
மணப்பெண் கழுத்துக்குப் பின்னால்
இரண்டாம் முடிச்சில் இருந்தது.

மூன்றாம் முறை இது.
மூன்று முறையும் அதே முடிச்சு.
அங்கேதான் நான் பூமழை சேர்த்திருந்தேன்,
நாலு அடுக்கில்.
கிள்ளானில் பெண்ணைப் பெற்றவர் கேட்டார்,
'கொஞ்சம் தாராளமா கொட்டும்மா.'

செந்தூல் அடுக்குமாடி, பதினோராம் தளம்.
நாளை மாலை ஆறுக்குள் படம் போக வேண்டும்.
எனக்கு வர வேண்டிய எண்ணூறு வெள்ளி
இன்னும் போடாத மூன்றாம் முடிச்சில் தொங்குகிறது.

கார்டு புதுசு. அதாவது, எனக்குப் புதுசு.
செத்தாப்பாக்கில் ஒரு கல்லூரிப் பையன்
குளியல் துண்டில் சுற்றிக் கொடுத்தான்.
முழங்கை நீளம். இரண்டு வாய்.
வாய்க்கு எட்டுப் பல்.
பவர் சப்ளை தாங்குமா, என்றேன்.
எத்தனை வாட்?
ஐந்நூற்றைம்பது.
அப்புறம் என்னக்கா, என்றான்.

பெட்டியைத் திறக்கிறேன்.
திருகாணிகள் மைலோ டின் மூடியில்.
கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒட்டுத்தாள்:
ஐந்நூற்றைம்பது,
திருவிழாப் பதாகை எழுத்தில்.
அதற்குக் கீழே எறும்பு எழுத்தில்,
பன்னிரண்டு வோல்ட்டுக்கு முப்பது ஆம்பியர்.

மின்கட்டண ரசீதின் முதுகில் பெருக்கினேன்.
முந்நூற்று அறுபது.
மீதி நூற்றுத் தொண்ணூறு எங்கே?
இருக்கிறது,
யாரும் கூப்பிடாத மெல்லிய கம்பிகளில்.
கல்யாணப் பத்திரிகையில்
'தங்கள் நல்வரவை விரும்பும்' பெயர்கள் மாதிரி:
அச்சில் இருப்பார்கள்,
நாற்காலி தூக்க வரமாட்டார்கள்.

சரி, கார்டுக்கு இருநூற்றிருபது.
பிராசசருக்குத் தொண்ணூறு.
மற்றதெல்லாம் சேர்த்து முப்பது.
முந்நூற்று நாற்பது.
அப்படியும் தாங்க வேண்டுமே!

நள்ளிரவு தாண்டி வூன் கிட்டுக்கு அடித்தேன்.
லோயாட் மூன்றாம் மாடியில் கடை,
தூங்காத ஆள்.
'சராசரியைக் கூட்டாதே,' என்றான்,
வாய் நிறைய மீ கோரேங்.
'கார்டு ஒரு கணம் இரட்டிப்பாய் இழுக்கும்.
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.
மலிவுப் பெட்டி பயந்து கதவைச் சாத்திவிடும்.
நாளைக்கு வா. எழுநூற்றைம்பது வாட், நல்ல சாமான்.
நானூற்று இருபது வெள்ளி.'

நாளைக்கு. நானூற்று இருபது.
எனக்கும் சராசரி நன்றாகத்தான் இருக்கிறது.
வருடத்தைப் பன்னிரண்டால் வகுத்தால்
எனக்குக் கடனே கிடையாது.
சாலை வரியும் அறை வாடகையும்
பல் டாக்டரும்
ஒரே செவ்வாய்க்கிழமையில் வந்து நிற்கும்போது மட்டும்
கறுத்துப்போவேன்.

கார்டின் அமைப்புப் பக்கத்தில்
இதுவரை தொடாத ஒரு கோடு இருந்தது.
மின் வரம்பு: நூறு.
சுட்டியால் பிடித்து
எழுபதுக்கு இழுத்தேன்.
யாரும் கத்தவில்லை.
நாற்பது நிமிடம் எழுபதானது.

ஜெயரூபி ஓட்டல் வேலை முடிந்து வந்தாள்,
காலணியைக் கழற்றாமலே கெட்டிலைத் தூக்கினாள்.
போடாதே, என்றேன்.
கெட்டிலுக்கும் இதுக்கும் என்னடி?
ஒண்ணுமில்லை. போடாதே.

அவள் கெட்டிலைப் பிடித்தபடியே
என் பின்னால் வந்து நின்றாள்.
அறுபத்து ஒன்று.
அறுபத்து இரண்டு வெகுநேரம்.
பூ விழத் தொடங்குகிறது,
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.
அறுபத்து மூன்று.

'பொண்ணு ஏன் சிரிக்கவே இல்ல?'
என்றாள் ஜெயரூபி.

நான் இதுவரை அந்த முகத்தைப் பார்க்கவில்லை.
எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்து நான்கு.
இப்போ போடு, என்றேன்.