கொண்டல்

தடைக்காலத்தின் இருபதாம் நாள்.
விசைப்படகு கரையில் கிடக்க
வலைக்கும் வீட்டுக்கும் நடுவே
கால் மாற்றிக்கொண்டிருந்த மனிதரைக்
கோத்தகிரிக்குக் கூட்டி வந்தேன்.

பங்களாவின் பெயர் ‘கடல் காட்சி’.
எந்தத் துரையோ வைத்தது.
இரும்பு வாசலில் எழுத்து எழுத்தாகத் துருவேறியிருந்தது.
கஸ்பார் பெட்டியை இறக்கவில்லை.
“ரெண்டு மாசம் அவ மூஞ்சியப் பாக்காம இருக்கலாம்னா
இங்கயும் அவகிட்டயே கொண்டாந்து விடுதியே ஏட்டி.”

நான்காம் எண் அறை.
சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி,
வெந்நீர் ஏழிலிருந்து எட்டு வரை மட்டும்.
கணப்புக்கு விறகு, கூடை நானூறு ரூபாய்.
பற்றவைக்கத் தெரியாமல் புகைந்தோம்,
ஜன்னலைத் திறந்தோம், விறைத்தோம்.
பலகைத் தரையில் அவர் நடக்கும்போதெல்லாம்
அடியில் யாரோ பதில் நடை நடந்தார்கள்.

கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள்
பழைய விருந்தினர் பதிவேடு.
திறந்த பக்கம் நூறு வருடமாய் அதே பக்கம்.
ரூம் பாய் போஜன் தமிழில் சொல்லிக் காட்டினான்:
‘மூன்று நாள் காத்திருந்தேன்.
எதுவும் தெரியவில்லை. ஆட்டுக்கறி நன்று.’

“கடல் எங்கே தம்பி?”
“காலையில வரும்மா. சில நாள் வராது.”
கரண்ட்டைச் சொல்வது போலச் சொன்னான்.

மூன்று மணிக்கு விழித்தேன். பக்கம் காலி.
இருபத்தாறு வருடம் அந்நேரம் எழுந்த உடம்புக்குத்
தடையாவது, காலமாவது.
வராந்தாக் கோடியில் என் சால்வையைப் போர்த்தி
புருவத்துக்கு மேல் கை வைத்து
இருட்டில் எதையோ அளந்துகொண்டிருந்தார்.
பேசாமல் பக்கத்தில் நின்றேன்.
வெளுக்கும் வரை இரண்டு பேரும் நின்றோம்.

வந்தது.
மேட்டுப்பாளையம் பக்கமிருந்து பள்ளத்தாக்கை நிரப்பி
தேயிலையை வரிசை வரிசையாக மூழ்கடித்து
சில்வர் ஓக் மரங்களைப் பாய்மர உயரத்துக்கு மட்டும் விட்டுவைத்து.
காட்டெருமை முதுகொன்று கறுப்பாய் எழும்பி அமிழ்ந்தது.
“ஓங்கில்” என்றேன்.
“ஓங்கில் இம்புட்டுத் தடி கிடையாது” என்றார்,
சிரிக்காமல்.

உதட்டை நக்கிப் பார்த்தேன். உப்பில்லை.
இரைச்சலில்லை.
எங்கள் கடல் இப்படி வாய்மூடிக் கிடந்தால்
ஊரே கோயிலுக்கு ஓடும்.

அவர் கன்னத்தைக் காற்றுக்குத் திருப்பினார்.
“கொண்டல்.”
கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு நாங்கள் சொல்வது.
பள்ளிக்கூடத்தில் மேகத்துக்கும் அதே பெயர் படித்தேன்.
இரண்டும் ஒன்றாய் மலையேறி வருவதை
அன்றுதான் பார்த்தேன்.

காபி கொண்டுவந்த போஜன் கடல் பார்த்ததில்லையாம்.
“இதே மாதிரிதான் இருக்குமா அண்ணே?”
கஸ்பார் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.
மணப்பாட்டுக்கு நேரே அவர் தம்பி போன இடம்
எனக்கு நினைவு வந்தது.
அவருக்கு எது வந்ததோ.
“இது அடங்கிரும்” என்றார்.

ஏழரைக்கு வெயில்.
தண்ணீர் வற்றிய இடத்தில் தகரக்கூரைகள்,
தலையில் சாக்கு மடித்த பெண்கள்,
ஒரு ஜீப்பின் ஹாரன்.
பில்லில் ‘காட்சி அறை, கூடுதல் எண்ணூறு’.
டீசலுக்கு ஐம்பது பைசா வரை மல்லுக்கட்டுகிறவர்
எண்ணிக் கொடுத்துவிட்டார்.

இறங்கும் பஸ்ஸில், ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில்,
மிச்சமிருந்த கொஞ்சம் ஜன்னல் வழியாக வந்து
மடியில் ஏறியது.
கண்ணாடியைச் சாத்தக் கை நீட்டினேன்.

“இருக்கட்டும்ட்டி.”