இடம்: பாசிக்குடா

பகலில் பச்சை என் பகை.
கல்லடியில் ஏசி பழுதென்று கூப்பிட்டால்
வெளிப்பெட்டியைக் கழற்றி
முதலில் பச்சையைத்தான் தேடுவேன்.
செம்புக்குழாயில் அது பூத்த இடத்தில்
வாயு கசிந்திருக்கும்.
சவர்க்கார நுரை பூசினால் குமிழி வரும்.
உப்புக்காத்து, அண்ணை, என்பேன்,
கடலுக்குக் கிட்ட வீடு கட்டினால்
கடலும் பில் அனுப்பும்.

இரவில் அதே பச்சையைக்
காசு கொடுத்து வாங்குகிறேன்.

பிஸ்கட் தகரம் இரண்டு,
தூண்டில் பெட்டி ஒன்று.
கல்லுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு துண்டு:
பெயர், இடம், வயது.
கொங்கோவின் மலகைட்,
வெட்டிய முகத்தில் வளையம் வளையமாய்,
குளத்தில் கல்லெறிந்தவன் வீட்டுக்குப் போன பிறகும்
அலை நிற்காததுபோல.
நமீபியாவின் டயப்டேஸ் பயறளவு:
மூன்று ஏசி சேர்விஸ் காசு.
புஷ்பகலாவுக்கு ஒன்றென்று சொல்லியிருக்கிறேன்.

சேருவிலப் பக்கம் வேலைக்குப் போன கோபிகரன்
வெருகல் தாண்டிக் கொண்டுவந்தது
கறுத்த இரும்புக்கல்லில் பச்சைப் பொருக்கு.
படிகமில்லை. வடிவுமில்லை.
ஆனாலும் பக்கத்து ஊர்க் கல்,
முன்வரிசையில் இருக்கிறது.

தபால் கந்தோரில் ஒருமுறை
பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்கள்.
மாணிக்கமா? இல்லை.
மருந்தா? இல்லை.
விக்கிறதுக்கா? இல்லை.
மறுகா என்னத்துக்கு?
"பச்சையாக் கிடக்கு" என்றேன்.
சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.

மாமாங்கத் திருவிழாவில்
ஒலிபெருக்கி சொன்னது:
செம்பிலே களிம்புபோல உயிரிலே மலம்,
கூடவே பிறந்தது, தானாய்ப் போகாது.
சனம் தலையாட்டியது.
நான் கச்சான் உரித்தபடி
களிம்பின் பக்கம் நின்றேன்.

போன பங்குனியில் பாசிக்குடா.
கடல் பார்த்த விடுதி, ஏழாம் இலக்க அறை,
நாலு வருசத்து ஏசி.
மூடியைக் கழற்றினேன்.
குழாய் வளைவின் அடியில்,
கொண்டல் நனைக்கக் கச்சான் உலர்த்த
நிழல் மட்டும் மாறாமல் இருந்த மூலையில்
தூளில்லை, பொருக்கில்லை,
ஊசி ஊசியாய் நின்றது.
பத்து மடங்கு வில்லையை எடுத்தேன்.
கரும்பச்சை. ஒவ்வொன்றுக்கும் முகம்,
விளிம்பு, பிசகாத கோணம்.
ஒருவரும் பார்க்காத இடத்தில்
இவ்வளவு ஒழுங்காய் யாருக்காக?
கையில் ஸ்பனர். கண்ணில் வேர்வை.

"கெமிக்கல் போட்டுக் கழுவுங்க" என்றார் மனேஜர்.
குழாயே மாத்த வேணும் என்றேன்.
பொய்யில்லை.
முழு உண்மையுமில்லை.
மிச்சச் செம்பெல்லாம் இஸ்மத் நானாவின் தராசுக்கு.
ஒரு சாண் மட்டும்
சோத்துப் பெட்டியில், பஞ்சு சுற்றி.
பாலத்துக்குப் பாலம் மோட்டார் சைக்கிளை
முட்டை கொண்டுபோகிறவன்போல ஓட்டினேன்.

கோபிகரன் படத்தைப் பார்த்தான்.
"அற்றகமைட் மாதிரித்தான். ஆனா
கணக்கில வராது மச்சான்.
மனுசன் செஞ்ச குழாயில வளந்தது கனிமமில்லை.
பூமி செய்ய வேணும்."

பூமி செய்ய வேணும்.
செம்பு பூமியிலிருந்து வந்தது.
உப்பு கடலிலிருந்து.
காற்றை ஒருவரும் பூட்டவில்லை.
ஏசியைப் பூட்டினது நான்தான்,
நாலு வருசத்துக்கு முன்,
அவசரத்தில் திருகாணி ஒன்று குறைவாய்.
இடைவெளி அந்த வழியால்தான் வந்திருக்கும்.
கோபிகரனுக்கு இதைச் சொல்லவில்லை.

தூண்டில் பெட்டியில் ஓர் அறை காலி.
துண்டு எழுத உட்கார்ந்தேன்.
பெயர்: விட்டுவிட்டேன்.
இடம்: பாசிக்குடா, ஏழாம் அறைக்கு வெளியே.
வயது: நாலு.
பக்கத்து அறையில்
வயதைக் கோடியில் எழுதிய நமீபியாக்காரி
இடம் கொடுத்தாள்.

புஷ்பகலா எட்டிப் பார்த்தாள்.
இது எவ்வளவு?
சும்மா கிடைச்சது என்றேன்.

கல் விசயத்தில் அவளுக்கு நான் சொன்ன முதல் உண்மை.
நம்பவில்லை.