இருபத்தெட்டு வாட்ஸ்

முதலாம் குறுக்குத் தெருவில்
நிஸ்தார் ஹாஜியாரின் கடை வாசலில்
அதைத் தொங்கவிட்டு நான் சொன்னது:
கையை நீட்டுங்கள், காற்று வருகிறதா?
காதைக் கொடுங்கள், ஏதாவது வருகிறதா?
லொறி ஹோர்ன், வழிவிடச் சொல்லும் நாட்டாமைமார்,
லொத்தர் சீட்டுக்காரனின் மைக்,
இத்தனைக்கும் நடுவில்
மௌனத்தை விற்பது எவ்வளவு சுலபம்.

முதல் மாதம் நூற்றிப் பத்து போனது.
பழைய ஃபேன் எழுபத்தைந்து வாட்ஸ் தின்னும்,
இது இருபத்தெட்டு.
கரண்ட் பில் ஏறியிருந்த வருஷம்.
கணக்கெல்லாம் என் பக்கம்.

இரண்டாம் மாதம் பெட்டியோடு வந்தார்
வெள்ளவத்தை மூன்றாம் மாடிப் பரிமளகாந்தி.
பழுதா அக்கா?
பழுதில்லை.
காத்துக் காணாதா?
காத்து நல்லா வருது.
பிறகு குரலை இறக்கி,
"பக்கத்து வீட்டுப் பொடியன் இரவிரவா அழுறான் தம்பி.
இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது.
தெரிஞ்ச பிறகு எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

அடுத்தவர் கொட்டாஞ்சேனை.
பெயர் சொல்லவில்லை, ரசீதை மட்டும் நீட்டினார்.
படிக்கட்டில் ஆர் ஏறினாலும் கேட்கிறதாம்.
ஆர் ஏறுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.
எண்பதுகளிலிருந்து கொழும்பில் இருப்பவரிடம்
அதைக் கேட்பதில்லை.

தெமட்டகொடையிலிருந்து ஒரு சோடி,
கலியாணமாகி ஏழு கிழமை.
அறைக்கும் மாமியாருக்கும் நடுவில் ஒரு பலகை.
காரணம் சொல்லாமல் இரண்டு பேரும்
ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தார்கள்.
காசை எண்ணிக் கொடுத்தேன்.

விமலதாச பாஸ் மூடியைக் கழற்றினார்.
உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைத் தட்டு.
"நல்ல சாமான்" என்றார், கும்பிடாத குறையாக.
"இது நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான்,
அண்ணாந்து பார்த்துக்கொண்டு."
பழையதற்கென்றால் ஒரு கெபாசிட்டர், முந்நூறு ரூபாய்.
அதுவும் இல்லாத இரவில்
தும்புத்தடிக் காம்பால் இறக்கையைத் தள்ளிவிட்டால்
முனகி முனகிக் கிளம்பும்.
கடகட, கடகட,
அதற்குக் கீழே ஒரு குடும்பம் தன் சண்டையை,
கடனை, இருமலை, வேறு எதையெல்லாமோ
ஒளித்து வைத்துக்கொண்டு தூங்கும்.
சத்தத்தைக் குறை என்று நினைத்துக் கழித்தார்கள்.
கழித்தது ஒரு சுவரை.

திருப்பித் தராதவர் ஒருவர்தான்.
பம்பலப்பிட்டியில் தனியே இருக்கும் இராஜகுலேந்திரன்.
பிள்ளைகள் ஸ்கார்பரோவில்.
எதிர் வீட்டில் கடுகு வெடிக்கிறது கூடக் கேட்கிறது என்றார்,
குசினிக்கும் ஒன்று வேண்டும் என்றார்.
ஒருவரை நம்பிக் கொள்கலன் இறக்க முடியாது.

கிராண்ட்பாஸ் கோடவுனில் தொண்ணூற்று மூன்று பெட்டி.
கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது.
விற்பனை வீழ்ச்சிக்குக் காரணம், ஒன்றைத் தெரிவுசெய்க:
விலை. வடிவம். காற்றின் வேகம். வேறு.
வேறு என்றால் நாற்பது எழுத்துக்கு இடம்.

இரண்டு இரவு யோசித்தேன்.
ஊழியருக்கு இலவசமாய்க் கிடைத்த ஒன்று
தலைக்கு மேலே ஓசையின்றிச் சுற்ற,
மனைவி விழித்திருப்பது எனக்கும்
நான் விழித்திருப்பது அவளுக்கும்
கேட்டுக்கொண்டிருக்க.
மூன்றாம் நாள் எழுதினேன்:
சத்தம் போதாது.

பதில் மிக மரியாதையாக வந்தது.
எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டார்களாம்,
"சத்தம் கூட" என்று.
அடுத்த மொடலில் இன்னும் குறைத்திருக்கிறார்களாம்.
பங்குனியில் கப்பல் ஏறுகிறது.