விருந்தாளி முறை

பயிற்சியில் பதினோராவது வாரம்
ஆளுக்கோர் இரவு விருந்தாளி ஆகவேண்டும்.
சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது
செவ்வாய்க்கிழமை, ஆறாம் எண் அறை.

கிருமாம்பாக்கத்திலிருந்து தினமும் வருகிற அதே பேருந்து.
அரியாங்குப்பம் பாலத்தில் அதே நெரிசல்.
இன்றைக்கு மட்டும் பையில் ஒரு மாற்றுடை,
முன்வாசல் வழியே நுழைய அனுமதி.
பத்து வாரமாய்ப் பின்கதவுதான் எனக்கு.

"வணக்கம் மேடம், பயணம் நல்லா இருந்ததா?"
என்கிறாள் பெர்னதெத்.
நேற்று என்னிடம் ஹேர்பின் கடன் வாங்கியவள்.
அது இன்னும் அவள் கொண்டையில் இருக்கிறது.
சிரித்தால் இருவருக்கும் மதிப்பெண் போகும்.
"இருந்தது" என்கிறேன்,
மேடத்தின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமல்.

வெட்டிவேர்த் தண்ணீர், கண்ணாடிக் குவளையில்.
அந்தக் குவளையை எத்தனை முறை துடைத்திருப்பேன்,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரல்ரேகை தேடி.
இன்று என் ரேகையைப் பதிக்கிறேன்,
கொஞ்சம் அழுத்தியே.

குளியலறையில் வாளி.
வெந்நீர் வரும்வரை ஓடும் பச்சைத் தண்ணீரைப் பிடிக்க.
விளக்கிச் சொல்ல எங்களுக்கு மனப்பாடம்.
காலையில் போய்ப் பார்த்தால் வாளி காய்ந்திருக்கும்,
சில நாள் அதற்குள் ஒரு ஈரத் துண்டு.
நான் பிடித்தேன். முக்கால் வாளி.
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்
போட்டு வந்த துணியைத் துவைத்துவிட்டேன்.

இரவு பாகூர் அரிசிச் சோறு, சங்கரா மீன் குழம்பு.
தட்டில் மிச்சம் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்:
பத்தரை மணிக்குத் தராசு.
கஜபதி சார் பலகையில் எழுதுவார், இரண்டு கிலோ முந்நூறு.
மறுநாள் அதன் எதிரில் நாங்கள் தலைகுனிந்து நிற்போம்.
மிச்சம் வைத்தது யாரோ.
வழித்துச் சாப்பிட்டேன்.
எழுந்தவள் பழக்கத்தில் தட்டையும் தூக்கிவிட்டேன்.
"மேடம்" என்றான் லூர்து,
மறு விளிம்பைப் பிடித்தபடி.
ஒரு நொடி இருவரும் இழுத்தோம்.

தூக்கம் வரவில்லை.
ஒரு தலைக்கு நான்கு தலையணை.
சன்னலைத் திறந்து வைத்தால் கடல் கேட்கும்,
ஏசியே வேண்டாம் என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
கேட்பது தண்ணீர் மோட்டார்.
அது நின்றதும்
பின்கட்டில் யாரோ விரிப்பு உதறும் சத்தம்.
இருமலை வைத்துச் சொல்வேன், அஞ்சலாட்சி.
போனில் மெல்லப் பேசுகிறாள்:
"இன்னும் சாப்பிடலம்மா. பத்து நிமிஷம்."
சன்னலைச் சாத்த விருந்தாளிக்கு உரிமை உண்டு.
அடுத்த பத்து நிமிஷமும் உதறல் கேட்டது.
அதற்கடுத்த பத்தும்.

காலையில் படிவம்.
வரவேற்பு, படுக்கை, சுத்தம், உணவு: ஐந்துக்கு எத்தனை?
குறை ஏதேனும் இருந்தால், நான்கு வரிக்கு இடம்.
தலையணை இரண்டு போதும் என்று எழுதினேன்.
வாளியை மூலையில் ஒளிக்காதீர்கள்,
நடுவில் வையுங்கள், காலில் இடறட்டும்.
பின்கட்டுச் சத்தம் அறைவரை கேட்கிறது
என்று எழுதி உடனே அடித்தேன்;
அது போய் நிற்பது அஞ்சலாட்சியிடம்.
மேலே சிறிய எழுத்தில்:
இரவு வேலையில் இருப்பவர்கள் எட்டரைக்குள் சாப்பிட்டாக வேண்டும்.
இது குறையா, ஆலோசனையா என்று கேட்டன இரண்டு கட்டங்கள்.
இரண்டிலும் டிக் போட்டேன்.

படுக்கையைக் கலைந்தபடியே விட்டு வந்தேன்,
கை பரபரக்கப் பரபரக்க.
பத்து மணிக்குச் சீருடையில், பின்கதவு வழியாக
மறுபடி ஆறாம் எண் அறை. விரிப்பது என் முறை.

நான்கில் ஒரு தலையணையில்தான் குழி.
மற்ற மூன்றின் உறையையும் கழற்றித்
துவைக்கப் போட வேண்டும், விதிப்படி.
படுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.
தட்டி நிமிர்த்தி வைத்துவிட்டு
ஒன்றை மட்டும் கழற்றினேன்.