இருபத்துநான்கு மணிநேரத்துக்கான குறிப்பு

நெஞ்சில் ஐந்து இடம் மழித்து
வயர்களை ஒட்டினாள் சந்தமாலி.
“நாளைக்கு இதே நேரம் வாங்க அங்கிள்.
குளிக்க வேணாம்.
செய்றதெல்லாம் எழுதுங்க.”
இடுப்பில் ஒரு குட்டிப் பெட்டி,
கையில் கோடிட்ட தாள்.

10.40. பொரளையில் பஸ்ஸுக்கு ஓடினேன்.
ஓடியது கால்தான்.
நெஞ்சு அடுத்த ஹோல்ட்டில்
வந்து ஏறிக்கொண்டது.

12.15. லிப்ட் வேலை இல்லை. நாலாம் மாடி.
மூன்று இடத்தில் நின்றேன்.
(இரண்டு என்று எழுதி, வெட்டித் திருத்தினேன்.)

4.05. ஆமர் வீதிச் சந்தி.
ஓட்டோ ஒன்றின் சைலன்சர் வெடித்தது.
கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தடவியது.
முந்தி இங்கே மணல்மூட்டை அடுக்கியிருந்தது.
இருபது யார் தள்ளி வரும்போதே
நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும்.
பெயரென்ன, எந்த ஊர், ஏன் கொழும்பு
என்று அவர்கள் கேட்க முதலே
எல்லாவற்றையும் அது சொல்லிவிடும்.
இன்று ஒன்றுமில்லை.
சண்டை முடிந்த செய்தி
ஒருவழியாக உள்ளேயும் போய்ச் சேர்ந்துவிட்டது
என்று நினைத்தேன்.
பிளேன்டீக் கடை மேசையில் தாளை விரித்து
நிதானமாக எழுதினேன்: அமைதி.

இரவு 2.10. நித்திரை இல்லை.
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.
மல்லாந்து கிடந்த என் இடுப்புப் பெட்டியில்
றெஜினா கையை வைத்தாள்.
“உங்கட வாயைவிட இது உண்மை சொல்லும்” என்றாள்.
இதை எழுதவில்லை.

மறுநாள் டாக்டர் ரிஸ்னா
கோடுகளைப் பென்சிலால் தட்டினார்.
“நரம்பு பேசாமல் இல்லை. முந்தியைவிடச் சத்தமாகக் கத்துது.
கேட்கிற இடத்திலதான் காது மந்தம்.
வயது போக எல்லாருக்கும் வாறதுதான்.
இளம் இதயம் மூச்சை இழுக்க ஏறும், விட இறங்கும்,
ஒரு அடி மாதிரி மற்ற அடி இராது.
அந்தக் கோணல்தான் சுகம்.
உங்கட கோடு நல்ல நேர். நேரென்றால்…”
முடிக்கவில்லை. சிரித்தார்.

நாலு ஐந்துக்கு என்ன, என்று கேட்டேன்.
விரல் வைத்துத் தேடினார்.
எழுபத்திரண்டு.
எழுபத்திரண்டு.
எழுபத்துமூன்று.

“ஆனால் இங்க பாருங்க, நாலு ஏழு.
தொண்ணூற்றாறுக்கு ஏறியிருக்கு.
அப்ப என்ன செய்துகொண்டிருந்தீங்க?”

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
நாலு ஏழுக்கு
நான் பேனையைத் திறந்து
அமைதி என்று எழுதிக்கொண்டிருந்தேன்.