மூன்று வருடம் மூத்தவர்

ஃபஹாஹீல், இரவு ஒன்றரை.
ரோஸ்லின் தந்த பென் டிரைவிலிருந்து
நூற்றுப் பன்னிரண்டு சொந்தங்கள்
என் லேப்டாப்பில் இறங்கினார்கள்,
எல்லோரும் கேள்விக்குறிகளாக.
யூனிகோடுக்கு மாற்றினேன்.
முகம் கழுவியதுபோல்
ஒவ்வொருவராய்ப் பெயர் தெரிந்தது.

பிறகு கேட்டது:
இன்னாசி பர்னாந்து, 1958.
இன்னாசி பர்னாந்து, 1961.
இருவரும் ஒருவரா?

அவள் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்து எழுதியவள்.
நான் பாஸ்போர்ட்டை.

பதினெட்டை இருபத்தொன்றாக்கி
விமானம் ஏறினார் அப்பா.
விசா அந்த மூத்தவருக்கு.
மாதாமாதம் பணம் அனுப்பியதும் அவர்தான்.
ஐம்பத்தேழிலேயே அறுபதாகி
வேலை போய்த் திரும்பியதும்.

‘ஆம்’ என்றால்
ஒரு தேதி அழியும்.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது.
கீழ்க்கட்டிலில் யாரோ திரும்பிப் படுத்தார்கள்.

‘இல்லை’ அழுத்தினேன்.
மரத்தில் இப்போது
அம்மாவுக்கு இரண்டு கணவர்கள்,
ஒரே கல்யாணத் தேதியில்.