மறுதாம்புக் கணக்கு

விமானங்கள் நின்றுபோன வாரம்
ரோஸ் பெல் கடன் சங்கத்தில்
எனக்கு முன்னால் ஒரு கண்ணாடி,
அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.
அதன் வழியே வந்தது
மர்தேமூத்துவின் பாஸ்புத்தகம்,
வியர்வையில் ஓரம் சுருண்டு.

மருதமுத்து என்று சொன்ன பெயரைக்
கப்பல்துறையில் எவனோ ஒரு குமாஸ்தா
காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டான்.
அன்று விழுந்த எழுத்துகள்
இன்றுவரை எந்தச் சந்தையிலும் ஏறவில்லை.

"இங்கே இருப்பது இருக்கிறதா?"

இருக்கிறது.
நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
நேற்றும் அதே, போன செவ்வாயும் அதே.
இருக்கிறது என்றால் பெட்டிக்குள் அல்ல.
ரெஜிஸுடைய வேனில் முன்சக்கரமாய் ஓடுகிறது,
பூங்காவனம் வீட்டுக் கூரையில்
சிமெண்டாய் இறுகிக் கிடக்கிறது.
கேட்டால் சங்கம் தரும்,
எல்லாரும் ஒரே காலையில் கேட்காதவரை.
இந்தக் கடைசி வரியை நான் சொல்லவில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
சொல்லக் கூடாத வாக்கியம் அது.

பிறகு சட்டைப்பையிலிருந்து இன்னொரு தாள்.
ஆலையை மூடியபோது தந்த தொகையில் பாதியைக்
கடலோர ஹோட்டல் பங்கில் போட்டிருந்தார்.
முப்பத்திரண்டு ரூபாய்க்கு வாங்கியது.
அன்று பகல் பதினொன்றே முக்காலுக்குப்
பதினான்கு.

"மதாம், மீதிப் பதினெட்டு ரூபாயை
யார் எடுத்துக்கொண்டார்கள்?"

யாரும் எடுக்கவில்லை என்றால்
பின் எங்கே போனது என்பார்.
யாரோ எடுத்தார்கள் என்றால்
எந்தக் கதவைத் தட்டுவது என்பார்.
பின்னால் ஏழு பேர்,
முகத்தில் துணி கட்டித் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"கரும்பை வெட்டிய மறுநாள்
உங்கள் வயல் என்ன விலை போகும்?"
சிரித்துவிட்டார்.
"வெட்டிய மறுநாள் எவன் விற்பான்? மறுதாம்பு வரும்."

(பேசியதெல்லாம் கிரியோல்.
அவர் சொன்னது ரெப்பூஸ்.
மறுதாம்பு என்று எழுதுவது
மாலைப்பள்ளியில் தமிழ் கற்ற நான்.)

வென்றுவிட்டேன் என்று
அடுத்த புத்தகத்துக்குக் கை நீட்டினேன்.
அவர் நகரவில்லை.
"எல்லாக் கட்டையும் துளிர்க்காது, மதாம்.
ஆறு வெட்டு, மிஞ்சினால் ஏழு.
அப்புறம் வேரோடு கிளப்பிவிட்டுப்
புதுக் கரணைதான் நடவேண்டும்.
இந்த ஹோட்டல்
எத்தனையாவது வெட்டில் இருக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை.
ஹோட்டலின் ஆண்டறிக்கையைத் தேடி
அச்சடித்துத் தந்தேன். நாற்பது பக்கம்.
கடன் என்று போட்ட வரியில் விரலை வைத்தேன்.
கையிருப்பு என்ற வரியில் வைத்தேன்.
முதல் எண் நீளமாக இருந்தது,
இரண்டாவது அவ்வளவு நீளமில்லை.
கட்டையை நகத்தால் கிள்ளிப்
பச்சை இருக்கிறதா என்று பார்ப்பவர்போல்
அவர் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

விற்பதாகச் சொல்லவில்லை. வைத்திருப்பதாகவும் சொல்லவில்லை.
அரிசிக்கும் கேஸ் சிலிண்டருக்குமாக
எண்ணூறு ரூபாய் எடுத்தார்.
எட்டு நோட்டு. இரண்டு முறை எண்ணினார்.
அறிக்கையை நான்காய் மடித்துப்
பாஸ்புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு போனார்.

மூன்றரைக்குக் கதவை அடைத்த பிறகு
என் கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்தேன்.
அதே ஹோட்டல், இருநூறு பங்கு.
கணவர் பெயரில். வாங்கச் சொன்னது நான்.
முப்பத்தாறுக்கு.

அவரைவிட நாலு ரூபாய்
உயரத்திலிருந்து விழுந்திருக்கிறேன்.
அந்த நாற்பது பக்கத்தை
இன்று காலைவரை
நானும் திறந்து பார்த்ததில்லை.